சொட்டிய இடம் ஒன்று, கோளாறு வேறொன்று: என் பழைய ஏடிவியின் பெட்ரோல் கசிவு

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் சின்னக் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. ஏப்ரல் கடைசி வாரம், பனி உருகி வாசலெல்லாம் சேறாகக் கிடந்த நேரம். முதல் நாள் சாயங்காலம் விறகு இழுத்துவிட்டு ஏடிவியை (காடு மேடெல்லாம் ஓடும், தடித்த டயர் போட்ட நான்கு சக்கர வண்டி) உள்ளே நிறுத்தியிருந்தேன். என்ஜினுக்கு நேர் அடியில், சிமெண்ட் தரையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். விரலால் தொட்டேன். சில்லென்று இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது. பெட்ரோல்தான்.

வயிற்றைக் கலக்கியது அந்த ஈரம் அல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாட்டர் ஹீட்டர். அது கேஸில் எரிவது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள் அது. குளிராகத்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைக்கவே கூடாது. விளக்கு சுவிட்சைத் தொடாமல், பெரிய கதவை மோட்டாரில் ஏற்றாமல் கையாலேயே தூக்கி, வண்டியை நியூட்ரலில் வெளியே தள்ளினேன். பெட்ரோல் டேப்பை மூடினேன். தரையில் மணலைக் கொட்டி, வாடை போகும்வரை பெரிய கதவைத் திறந்தும், வீட்டுப் பக்கத்துச் சின்னக் கதவை மூடியும் வைத்தேன்.

வண்டி 1997 மாடல் ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300. 282 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் என்ஜின். 1988 முதல் 2000 வரை வந்த மாடல். 1970இல் மூன்று சக்கரத்தோடு தொடங்கிய வண்டி வகை இது. அவை எளிதில் கவிழ்ந்து பல உயிர்களைப் பறித்ததால் 1988இல் அமெரிக்காவில் மூன்று சக்கர விற்பனை நின்றது. எங்கள் வண்டி நான்கு சக்கரம் நிலைபெற்ற அந்தக் காலத்தைச் சேர்ந்தது. கனடாவின் ஒன்டாரியோவில், பீட்டர்பரோவுக்கு வடக்கே எங்களுக்கு ஏழு ஏக்கர் இருக்கிறது, அதில் பாதி காடு. குளிர்காலத்தில் பனி தள்ளவும், மற்ற நாளில் விறகு, மண், வேலிக்கம்பம் இழுக்கவும் இந்த வண்டிதான். ஒரு வயதான விவசாயியிடம் வாங்கினேன். உழைப்பில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. ஆனால் இத்தனை வருஷத்து ரப்பர் ரப்பராகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் தடவை நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகும்.

சொட்டு வந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் அடியிலிருந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ டியூப். வீட்டு மேல்தொட்டியில் பந்து வால்வு எப்படியோ, கார்புரேட்டருக்குள் ஃப்ளோட் அப்படி. பெட்ரோல் நிரம்ப நிரம்ப ஃப்ளோட் மேலே ஏறும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நீடில் வால்வு போய்ப் பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். அடைப்பு சரியாக இல்லாவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போய், ஓவர்ஃப்ளோ வழியாக வெளியே கொட்டும். ஓவர்ஃப்ளோவில் சொட்டினால் நீடில் வால்வு போயிற்று என்று யாரும் சொல்வார்கள். நானும் அப்படியே முடிவு கட்டி, புது வால்வு வாங்கிப் போட்டு, உள்ளே கொஞ்சம் க்ளீனர் அடித்து மூடினேன். சொட்டு நின்றது. ஒன்பது நாள் வண்டி நன்றாக ஓடியது. பத்தாம் நாள் காலையில் மறுபடியும் அதே இடத்தில் ஈரம்.

இந்தத் தடவை எவ்வளவு போகிறது என்று அளந்தேன். இருமல் மருந்தோடு வருமே குட்டிக் கப், அதை டியூபுக்கு அடியில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 30 மில்லி. இரவு பத்து மணி நேரம் டேப் திறந்தே கிடந்தால் 300 மில்லி. ஒரு டம்ளருக்கும் மேல் பெட்ரோல் ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுச் சுவரோரம் ஆவியாகும் கணக்கு. கசிவைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் ஒருமுறை இப்படி அளந்து பார்க்கலாம்.

திண்டுக்கல்லில் என் தாய்மாமா முப்பது வருஷம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். இந்த மாதிரி வண்டியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கார்புரேட்டர் எந்த வண்டியில் இருந்தாலும் கார்புரேட்டர்தான். வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வால்வு புதுசு போட்டுட்டேன் மாமா. அப்பவும் ஒழுகுது."

"மாப்ள, சொட்டுற இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? அது வாசல்தான். வந்தவன் எந்த வழியா வந்தான்னு பாரு."

"அப்படின்னா?"

"டேங்க்ல இருந்து வர்ற டியூபைக் கழட்டி ஒரு பாட்டில்ல பெட்ரோல் பிடி. வெயில்ல வச்சு ஆட்டாம பாரு. அதுக்கப்புறம் கார்புரேட்டரைத் தொடு."

அவர் சொன்னபடியே செய்தேன். கண்ணாடி ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, கார்புரேட்டர் பக்கத்து முனையில் டியூபைக் கழற்றி, கால் பாட்டில் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிஷம் முற்றத்துத் திட்டில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், அடியில் கறுப்பாக, மிளகைப் பொடித்துத் தூவியது போல, துகள்கள் படிந்திருந்தன. விரலில் எடுத்துத் தேய்த்தேன். மணலாக இருந்தால் கரகரவென்று இருக்கும். இது மை போல வழுவழுவென்று அப்பிக்கொண்டது. ரப்பர்.

டியூபின் முனையில் ஒரு துண்டை வெட்டி, அதைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். வெளியே பார்க்க ஒரு வெடிப்பும் கிடையாது, பளபளவென்று இருந்தது. உள்சுவரோ ஊறிய தோல் போல உரிந்து உரிந்து நின்றது. இங்கே பம்பில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் சுமார் பத்து சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறும், உப்பும், அப்புறம் உதிரும். (இந்தியாவில் இப்போது 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. கார்புரேட்டர் உள்ள பழைய பைக் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டியூபை ஒரு தடவை கழற்றி உள்ளே பார்ப்பது நல்லது. வெளியே பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.)

டேங்கிலிருந்து வரும் அழுக்கைப் பிடிக்கத்தான் டேப்பின் மேல்முனையில் சல்லடை இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். சல்லடை இருப்பது டியூபுக்கு மேலே. டியூபே உதிர ஆரம்பித்தால், அந்தத் துகளுக்கும் நீடில் வால்வுக்கும் நடுவே தடுக்க ஒன்றுமே இல்லை. ஒரு துகள் போய் வால்வின் முனையில் உட்கார்ந்தால் போதும், வால்வு புதுசா பழசா என்பதெல்லாம் கணக்கில்லை.

ஆக, கோளாறு கார்புரேட்டருக்கு ஒரு சாண் மேலே. சொட்டு மட்டும் கார்புரேட்டரில்.

இனிமேல் எதையும் ஊகித்துச் செய்வதில்லை என்று முடிவெடுத்து, பழைய டியூபையே தற்காலிகமாக மாட்டி, கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை முறுக்கிக் கட்டினேன். டேப் டேங்கோடு சேரும் இடம், டேப்பின் பிடி, டியூபின் இரு முனைகள், ஃப்ளோட் சேம்பர் மூடியின் விளிம்பு, வடிகால் ஸ்க்ரூ. அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டேன். பெட்ரோல் சீக்கிரம் காய்ந்துவிடும், ஈரத்தைத் தேடினால் அகப்படாது. ஆனால் டிஷ்யூவில் மஞ்சள் கறை விட்டுப் போகும். அரை மணி கழித்துப் பார்த்தால் நான் எதிர்பார்க்காத ஓர் இடம் காட்டிக்கொடுத்தது. டேப்பின் பிடியைச் சுற்றிக் கட்டிய டிஷ்யூ மஞ்சளாக நனைந்திருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கல்லாகிவிட்டது. சொட்டாக விழும் அளவுக்கு இல்லாததால் இத்தனை நாள் தெரியவில்லை. டேப்பை முழுசாக மாற்றினேன்.

இனி கார்புரேட்டர். வேலை முழுவதையும் வெளியே வைத்துத்தான் செய்தேன். மே மாதம் பிறந்துவிட்டதால் கறுப்பு ஈக்கள் காதோரம் மொய்த்துக் கடித்தன. அதற்காக கராஜுக்குள் போகவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றினேன். டேங்கில் இருந்ததைப் பெட்ரோலுக்கான சிவப்பு கேனில் இறக்கினேன். கேனைத் தரையில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், பிக்கப் வண்டியின் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் விரிப்புமேல் வைத்தால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்ட வாய்ப்பு உண்டு. கையில் நைட்ரில் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஒரு துளையில் க்ளீனரை அடித்தால் எந்தத் துளை வழியாக உங்கள் முகத்துக்குத் திரும்பி வரும் என்று சொல்லவே முடியாது.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஃபோனில் படம் எடுத்தேன். எந்த டியூப் எங்கே போகிறது, கேபிள் எந்தப் பக்கம் வளைந்து வருகிறது என்பதெல்லாம் அப்போது நினைவிருப்பது போலத் தோன்றும். இரண்டு நாள் கழித்து இருக்காது.

ஸ்க்ரூ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் வண்டியைப் பாழாக்கியவர்கள் நிறைய. ஃப்ளோட் சேம்பரின் ஸ்க்ரூக்கள் பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும். அவை ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் வகை. நம் வீட்டில் இருக்கும் ஸ்டார் டிரைவரின் முனை அதில் முழுசாக இறங்காது. அழுத்தித் திருப்பினால் ஏறி வழுக்கி, ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும். அதற்கென்றே உள்ள ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கினேன், போட்டதும் பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. முதல் நாள் இரவே இடுக்கில் ஊடுருவும் எண்ணெயில் ஒரு சொட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் விட்டு, காலையில் டிரைவரை வைத்து அதன் பின்பக்கம் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. நான்கும் முனகாமல் வந்தன.

மூடியைத் திறந்ததும் உள்ளே பச்சை கலந்த பழுப்பு வார்னிஷ். பழைய பெட்ரோல் காய்ந்து காய்ந்து படிந்தது. ஃப்ளோட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பியை மெல்லத் தள்ளி எடுத்தேன். அதைத் தாங்கி நிற்கும் இரண்டு தூண்களும் மெல்லிய வார்ப்பு, தட்டி எடுக்கப் போனால் உடையும், உடைந்தால் கார்புரேட்டரையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ளோட்டைக் காதோரம் வைத்து ஆட்டினேன். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சளசளவென்று கேட்கும். சத்தமில்லை, நல்லது.

நீடில் வால்வுகள் இரண்டையும், பழசையும் ஒன்பது நாள் புதுசையும், வெள்ளைத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். பழசின் ரப்பர் முனையில் மோதிரம் போட்ட விரல் போல ஒரு வளையத் தடம், நகத்தால் தடவினால் தெரிகிற ஆழம். புதுசில் தடம் இல்லை. ஆனால் கூம்பின் ஓரத்தில், ஒரு கடுகில் கால்வாசி இருக்கும், கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பல் குத்தும் குச்சியால் தொட்டதும் மை போல நசுங்கியது. என் டியூபின் ஒரு துணுக்கு. இத்தனை வாடைக்கும் பயத்துக்கும் காரணம் அவ்வளவுதான்.

ஆக, முதல் தடவை வால்வை மாற்றியது முழுத் தப்பு அல்ல. அதுவும் தேய்ந்துதான் இருந்தது. அதோடு நிறுத்தியதுதான் தப்பு.

வால்வு உட்காரும் இருக்கையை பலர் மறந்துவிடுவார்கள். பித்தளை இருக்கையில் வார்னிஷ் படிந்திருந்தால் புது வால்வும் கசியும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் பித்தளை பாலிஷ் கொஞ்சம் தொட்டு, விரல்களுக்கு நடுவில் உருட்டி உருட்டி, பளிச்சென்று ஆகும்வரை துடைத்தேன். பிறகு பாலிஷ் மிச்சமில்லாமல் க்ளீனரால் கழுவினேன். வால்வின் பின்பக்கம் ஸ்ப்ரிங் வைத்த ஒரு குட்டி முனை இருக்கும். அமுக்கிவிட்டால் தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும், வராவிட்டால் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து ஜெட்டுகள், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளை போட்ட குட்டிப் பித்தளைத் திருகுகள். மெயின் ஜெட் பெரிசு, அதில் அடைப்பு வருவது குறைவு. தொல்லை கொடுப்பது ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது) என்ஜின் குடிப்பதெல்லாம் அந்தத் துளை வழியாகத்தான். குளிர்காலம் முழுக்க சோக் போட்டால்தான் வண்டி ஓடுகிறது, சோக்கைத் தள்ளினால் அணைந்துவிடுகிறது என்று நான் பட்ட பாட்டுக்குக் காரணம் இங்கே இருந்தது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறைச்சந்திரனாகத் தெரிந்தது.

க்ளீனரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பழைய ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, துளையில் விட்டு எடுத்தேன். செம்பு பித்தளையைவிட மிருது, துளையைப் பெரிதாக்காது. ஊசி, கிடார் கம்பி, ட்ரில் பிட் எதையும் விடாதீர்கள். துளையின் அளவுதான் அந்த ஜெட்டின் உயிர், ஒரு முடி அகலம் கூடினாலும் அது வேறு ஜெட் ஆகிவிடும். ஜெட்டின் பக்கவாட்டிலும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மறுபடி வெளிச்சத்தில் பிடித்தபோது முழு நிலா.

எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் கொதிக்க வைத்தால் பளபளக்கும் என்று சிலர் செய்கிறார்கள். அமிலம் அந்த வார்ப்பு உலோகத்தையும் அரிக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. கார்ப் க்ளீனர், அழுத்தக் காற்று, பொறுமை. இந்த மூன்றும் போதும்.

ஐடிலின் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். மெல்ல உள்ளே திருப்பி, அடிதட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். என்னுடையது இரண்டேகால். அதைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன். அடிதட்டியதும் இறுக்கக் கூடாது, கூம்பு முனை நசுங்கிவிடும். அதன்பின் முழுசாக வெளியே எடுத்தால் ஸ்க்ரூ வரும், ஸ்ப்ரிங் வரும், வாஷர் வரும் என்று சந்தோஷப்படுவோம். கடைசியாக ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று, எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு, துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் க்ளீனர் அடித்தால் கரைந்து உள்வழிகளை அடைக்கும், அதன்மேலேயே புதுசு போட்டால் ஸ்க்ரூ சரியாக உட்காராது. செம்பு இழையின் நுனியை லேசாக வளைத்து, துழாவித் துழாவி எடுத்தேன். கால் மணி நேரம் ஆனது.

மேல்பாகத்தை நான் பிரிக்கவில்லை. அங்கே இருக்கும் ஸ்லைடு (ஆக்சிலேட்டரை அமுக்கினால் மேலே ஏறும் தடுப்பு) தடையில்லாமல் ஏறி இறங்கியது, கோளாறும் அங்கே இல்லை. காரணமில்லாமல் எதையும் திறப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. நீங்கள் திறப்பதாக இருந்தால், உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்ப் க்ளீனர் பட்டால் அது உப்பிப் பாழாகிவிடும்.

ரிப்பேர் கிட் பற்றி ஒரு வார்த்தை. மலிவு கிட் ஒன்றில் பேக்கிங், ஓ ரிங், ஜெட்டுகள் எல்லாம் வந்தன. பேக்கிங்கையும் ஓ ரிங்கையும் எடுத்துக்கொண்டேன். ஜெட்டுகளைத் தொடவில்லை. வண்டியோடு வந்த பித்தளை ஜெட் தேயாது, சுத்தம் செய்தால் இன்னும் பல வருஷம் வரும். கிட் ஜெட்டில் எண் ஒன்றாகவே இருந்தாலும் துளை ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய பித்தளையைத் தூக்கி எறிந்துவிட்டு, வண்டி ஏன் திணறுகிறது என்று மாதக்கணக்கில் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூட்டியதும் நேராக வண்டியில் மாட்டவில்லை. இதுதான் இந்த வேலையில் நான் கற்றதிலேயே பெரிய உபகாரம். முதலில் வாயால் ஒரு சோதனை. பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூபை மாட்டி ஊதினேன். கார்புரேட்டர் நேராக இருக்கும்போது காற்று போக வேண்டும், தலைகீழாகக் கவிழ்த்தால் ஃப்ளோட்டின் எடை வால்வை அமுக்கி, காற்று நிற்க வேண்டும். நின்றது. ஃப்ளோட்டின் உயரத்தை சர்வீஸ் புத்தகத்தில் போட்ட அளவோடு ஒப்பிட்டேன். வால்வு தொட்டும் தொடாமலும் இருக்கும்படி, ஸ்ப்ரிங் முனை அமுங்காதபடி சாய்த்துப் பிடித்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும்.

பிறகு கார்புரேட்டரைத் துணி சுற்றி வைஸில் (மேஜையில் பொருத்திய இறுக்குப் பிடி) நேராக நிறுத்தி, ஒரு சின்ன பாட்டிலை உயரத்தில் கட்டி, அதிலிருந்து டியூப் வழியாகப் பெட்ரோல் விட்டேன். வடிகாலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, அதன் மறுமுனையை மேல்நோக்கி கார்புரேட்டரோடு சேர்த்துப் பிடித்து, வடிகால் ஸ்க்ரூவைத் திறந்தால், உள்ளே பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று டியூபிலேயே தெரியும். மட்டம் ஏறியது, மூடியின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி கழித்து வந்தேன். அதே இடத்தில் நின்றது. வண்டியில் மாட்டியபின் கசிந்தால் மறுபடி இரண்டு மணி நேரம் கழற்ற வேண்டும், மேஜையில் கசிந்தால் ஐந்து நிமிஷம்.

புது டியூப் வாங்க பழசின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். டியூபின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று இருந்தால் கார்புரேட்டர் வண்டிக்குப் போதும். ஆர்9 என்பது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கானது, விலை கூட, எத்தனாலை நன்றாகத் தாங்கும். எனக்கு வேண்டியது ஒரு அடிதான் என்பதால் ஆர்9 வாங்கினேன். மீன் தொட்டிக்கு விற்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை நிரந்தரமாகப் போடாதீர்கள், பெட்ரோல் பட்டு சில வாரங்களில் விறைத்து வெடித்துவிடும். கிளிப்பும் ஸ்ப்ரிங் வகையே போட்டேன். ஸ்க்ரூ வைத்து இறுக்கும் பட்டைக் கிளிப் சின்ன டியூபை வெட்டிவிடும். டியூபின் நடுவில் கண்ணாடி உடம்புள்ள ஃபில்டர் ஒன்று வைத்தேன். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் பெட்ரோல் என்பதால், அழுத்தம் இல்லாமலேயே ஓட விடும் ஃபில்டராகக் கேட்டு வாங்க வேண்டும். டியூப் எங்கேயும் மேடேறி இறங்கக் கூடாது, ஒரே சரிவாக வர வேண்டும்.

திரும்ப மாட்டுவதில் உயிரை எடுப்பது ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர். இறுகிப்போய் வாய் பிளக்காது. வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று தடவை சுற்றி வைத்தேன், இளகியது. என்ஜின் பக்கத்து ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்தேன். அங்கே காற்று புகுந்தால் ஐடில் ஏறி இறங்கி அலையும், குற்றத்தை கார்புரேட்டர் மேல் போடுவோம். வண்டி ஓடும்போது அதைச் சோதிக்க க்ளீனர் அடிப்பவர்கள் உண்டு. சூடான என்ஜின் பக்கத்தில் அது தீ. தண்ணீர் ஸ்ப்ரே போதும், காற்று புகும் இடத்தில் பட்டால் என்ஜின் சத்தம் மாறும்.

ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு காரியம். கட்டைவிரலால் த்ராட்டிலை (ஆக்சிலேட்டர்) அமுக்கி விட்டேன், டப்பென்று தானாகத் திரும்பியது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கோடிவரை திருப்பி, அப்போதும் திரும்புகிறதா என்று பார்த்தேன். கேபிள் எங்காவது இழுத்துக்கொண்டிருந்தால் வளைவில் வண்டி தானாகப் பாயும்.

இரண்டாவது, ஆயில். சொல்லப்போனால் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். வால்வு கசிந்தால் பெட்ரோல் எல்லாமே ஓவர்ஃப்ளோ வழியாக வெளியே போய்விடும் என்று சொல்ல முடியாது. வண்டி சாய்வில் நின்றாலோ ஓவர்ஃப்ளோ அடைத்திருந்தாலோ, இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டனைத் தாண்டி, ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தேன். பெட்ரோல் வாடை லேசாக, ஆனால் நிச்சயமாக இருந்தது. மட்டமும் நான் ஊற்றியதைவிட மேலே. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி, பேரிங்குகளில் நிற்காது. அந்த ஒன்பது நாள் ஓட்டத்தில் என்ன தேய்ந்ததோ என்று மனசு அடித்துக்கொண்டது. முழுசாக வடித்து, புது 10டபிள்யூ-40 ஊற்றினேன். இந்த என்ஜினில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, எனவே டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று இருக்க வேண்டும். கார் ஆயில் சிலவற்றில் இருக்கும் வழுக்கல் சேர்மானம் கிளட்சை வழுக்க வைக்கும். பழைய ஆயிலையும் வீணான பெட்ரோலையும் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்தேன். எங்கள் குடிநீர் கிணற்றிலிருந்து வருகிறது, மண்ணில் கொட்ட மனம் எப்படி வரும்?

டேப்பைத் திறந்தேன். கண்ணாடி ஃபில்டரில் பெட்ரோல் தெளிவாக நிரம்பியது. சோக் போட்டு ஸ்டார்ட்டரை அமுக்க, மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் சூடாக விட்டு சோக்கைத் தள்ளினேன். நிற்கவில்லை. பைலட் ஸ்க்ரூவை இரண்டேகாலில் தொடங்கி, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று திருப்பி, என்ஜின் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் விட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்தேன். கடைசியில் நின்ற இடம் இரண்டரை சுற்று. சுவரில் பழைய எண்ணுக்குக் கீழே அதையும் தேதி போட்டு எழுதினேன். மாமாவுக்கு ஃபோனில் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "இன்னும் ஒரு கால் சுத்து வெளிய விடு, குளிர் ஊரு" என்றார். விட்டேன். காலையில் ஸ்டார்ட் ஆவது இன்னும் சுலபமானது.

இப்போது வண்டியை நிறுத்தியதும் டேப்பை மூடுவது கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டது. நவம்பரில் ஓட்டம் குறையும்போது பெட்ரோலில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் திரவம்) கலந்து, பத்து நிமிஷம் ஓட்டி, டேப்பை மூடி, தானாக அணையும்வரை விடுகிறேன். பின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஃப்ளோட் சேம்பரில் மிச்சம் இருப்பதையும் கேனில் வடித்துவிடுகிறேன். அங்கே தேங்கும் சில ஸ்பூன் பெட்ரோல்தான் காய்ந்து ஸ்லோ ஜெட்டை அடைக்கும் வார்னிஷ்.

அடியில் போட்ட அட்டையை இன்னும் எடுக்கவில்லை. முதல் மாதம் தினமும் காலையில் பார்த்தேன், இப்போது வாரம் ஒருமுறை. சேறு பட்ட டயர்த் தடம் இரண்டு இருக்கிறது. நடுவில் காய்ந்தே இருக்கிறது.